நடுக்கடலில் காயில் கட்டுவது யார்?

(பூவத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழில் ‘கப்பலை உந்தும் மீக்கடத்தி மோட்டார்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, நீங்க பேசப்போறது கப்பலப் பத்தியா, மோட்டாரப் பத்தியா?” இரண்டையும் பற்றித்தான் ஐயா, ஆனால் இரண்டும் இன்னும் சேரவில்லை என்றேன். “அப்ப கல்யாணம் நின்னுபோன கதைன்னு சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அறுபது ஆண்டுகளாக நடக்கும் பெண் பார்க்கும் படலம் இது. மாப்பிள்ளை மேல் குறையில்லை. ஏன் நின்றது என்பதைத்தான் இந்த ஒரு மணி நேரத்தில் சொல்லப்போகிறேன்.

இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக வைக்கப்பட்டதோ, அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கு போனவர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல் ரஜூலா. பின்னால் வந்த சிதம்பரம் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1966இல் டன்கர்க்கில் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டினார்கள். அது டீசலில் ஓடியது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கப்பல் எஞ்சின் என்றால் இந்த இரண்டும்தான். மூன்றாவது வகையும் நம் கரையில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுக் கப்பல் ‘சாகர் நிதி’, 104 மீட்டர் நீளம், 2008இல் இத்தாலியிலிருந்து வந்தது. அதில் டீசல் எஞ்சினுக்கும் விசிறிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும், மின்சாரம் மோட்டாரை ஓட்டும், மோட்டார் விசிறியைச் சுழற்றும். என் உரை இந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

ஆனால் அதை ஒரு காயில் கட்டும் கடையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நண்டலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், நான் வேலையில் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு கடை இருந்தது. எங்கள் வயல் மோட்டார் புகைந்துபோய் அங்கே கொண்டுபோனேன். மிஸ்திரி கருகிய காயிலை உளியால் வெட்டி, உருவி எடுத்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எத்தனை சுற்று என்று எண்ணிச் சிகரெட் அட்டையில் எழுதினார். கம்பியின் எனாமலைச் சுரண்டி கேஜ் பார்த்தார். பழைய செம்பு ஒரு தட்டில், எடைக்குப் போட. புதுக் கம்பியைக் கட்டி, ஸ்லாட்டில் மைலார் பேப்பர் செருகி, கம்பியை உள்ளே இறக்கி, மேலே மூங்கில் குச்சி அடித்து, வார்னிஷ் ஊற்றி, நூறு வாட் பல்பைப் பக்கத்தில் எரியவிட்டுக் காயவைத்தார். எம்.இ. படித்த எனக்கு அந்த வேலையில் ஒரு படிகூடத் தெரியாது.

வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த வயதில் முடியுமா? மீக்கடத்தி என்று ஒன்று இருக்கிறது, அதில் மின்தடையே கிடையாது, வருங்காலத்தில் கப்பலையே அதில்தான் ஓட்டப்போகிறார்கள் என்று அளந்தேன். அவர் குச்சி அடிப்பதை நிறுத்தாமல் கேட்டார்: “எரிஞ்சா நடுக்கடல்ல யாரு சார் காயில் கட்டுவா?” தடையே இல்லையே, எப்படி எரியும் என்றேன். “எரியாத காயில் இல்ல சார்.”

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியப் பத்து வருஷமாயிற்று. இன்று நான் வாதிடப்போகும் கருத்தும் அந்தக் கேள்விதான். மீக்கடத்தி மோட்டார் மோட்டாராக வென்றுவிட்டது. கப்பலுக்குள் அது போகாததற்குக் காரணம், குளிரைப் பேணத் தெரிந்த கைகளும் காயில் கட்டத் தெரிந்த கைகளும் ஒரே இடத்தில் சேராததுதான். இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1

முதலில், கப்பல் மோட்டார் ஏன் அவ்வளவு கனக்கிறது?

வீட்டு மிக்சியையும் கிரைண்டரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மிக்சி ஐந்நூறு, அறுநூறு வாட். அதன் மோட்டாரைக் கழற்றினால் உள்ளங்கையில் வைக்கலாம். கிரைண்டரின் மோட்டார் திறனில் அதைவிடக் குறைவு; தூக்கினால் கை இறங்கும். மிக்சி நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிறது, கிரைண்டர் மோட்டார் நிதானமாகச் சுற்றுகிறது. மோட்டாரின் பருமனைத் தீர்மானிப்பது வாட் கணக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தீர்மானிப்பது முறுக்குவிசை. பாடநூலில் திருப்பு விசை என்று இருக்கும். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் ‘டார்க்’ என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

கப்பல் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டியது. வேகமாகச் சுற்றினால் தண்ணீர் கிழிந்து குமிழிகள் கிளம்பும், உந்துவிசை வீணாகும், இரைச்சல் எழும். பெரிய கப்பல்களில் நிமிடத்துக்கு நூற்றிச் சொச்சம் சுற்றுதான். ஒரு கணக்குப் போடுவோம். 36.5 மெகாவாட் திறன், நிமிடத்துக்கு 120 சுற்று. முறுக்குவிசை சுமார் 29 லட்சம் நியூட்டன் மீட்டர் வரும். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் கிட்டத்தட்ட 300 டன் எடையைத் தொங்கவிட்டு அதைத் திருப்புவதற்குச் சமம். அதே 36.5 மெகாவாட்டை நிமிடத்துக்கு 3,000 சுற்றில் தரும் இயந்திரத்துக்கு இதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும்.

‘குயீன் எலிசபெத் 2’ கப்பலை 1986-87இல் நீராவியிலிருந்து டீசல் மின்சாரத்துக்கு மாற்றினார்கள். அதில் வைத்த இரண்டு மோட்டார்கள் ஒவ்வொன்றும் 44 மெகாவாட். குறுக்களவு 9 மீட்டர். எடை 400 டன்னுக்கு மேல். நம் ஊர் மாடி வீடு ஒன்றை அப்படியே கப்பலின் அடியில் இறக்கிவைத்ததுபோல.

பிறகு ஏன் மின்சாரம் என்று கேட்கலாம். கப்பலுக்குள் எஞ்சினை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நீளமான தண்டு வேண்டாம். எஞ்சினை அதற்குச் சௌகரியமான வேகத்தில் ஓட்டலாம். விசிறிக்குத் தேவைப்படாத நேரம் அதே மின்சாரத்தை வேறு வேலைக்குத் திருப்பலாம். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1935இல் முதல் பயணம் போன பிரெஞ்சுக் கப்பல் ‘நார்மண்டி’யும் மின்சார உந்துகைதான். அமெரிக்க விமானந்தாங்கி ‘லெக்சிங்டன்’ 1929 கடைசியில் டக்கோமா நகரத் துறைமுகத்தில் ஒரு மாத காலம் நின்று ஊருக்கே கரண்ட் கொடுத்தது. அந்த ஆண்டு மழை பொய்த்து அங்கே புனல் மின்சாரம் குறைந்துபோயிருந்தது. மேட்டூர் வற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் நாம். அந்த ஊர்க்காரர்கள் கப்பலைப் பார்த்த பார்வையை நம்மால் ஊகிக்க முடியும்.

2

மோட்டாரைப் பெரிதாக்காமல் முறுக்குவிசையைக் கூட்ட இரண்டே வழி. காந்தப்புலத்தைக் கூட்டலாம், அல்லது கம்பியில் மின்னோட்டத்தைக் கூட்டலாம்.

காந்தப்புலத்துக்கு இரும்பு தடை போடுகிறது. 2 டெஸ்லாவை நெருங்கும்போது இரும்புக்கு வயிறு நிறைந்துவிடும். மேலே ஊட்டினாலும் ஏற்காது. மின்னோட்டத்துக்குச் செம்பின் சூடு தடை போடுகிறது. செம்புக் கம்பியில் சதுர மில்லிமீட்டருக்கு ஐந்து ஆம்பியர் வரை நிம்மதியாக ஓட்டலாம். அதற்கு மேல் போனால் எனாமல் கருகும், அந்த மிஸ்திரிக்கு வேலை வரும்.

1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரிக்கு, குளிர்வித்தபோது அதன் தடை மறைந்தது. தடை மறையும் இந்த மீக்கடத்தலை வைத்து முதலில் பெரிய மோட்டார் செய்தவர்கள் ஆங்கிலேயர்கள். நியூகாசிலில் ஆப்பிள்டன் தலைமையில் உருவான 3,250 குதிரைத்திறன் மோட்டார் 1960களின் இறுதியில் ஃபாலி மின்நிலையத்தின் தண்ணீர்ப் பம்பை ஓட்டியது. ஃபாரடே வட்டத்தகடு வகையைச் சேர்ந்த நேர்மின்னோட்ட மோட்டார் அது. குறைந்த வோல்ட், ஆயிரக்கணக்கான ஆம்பியர். அத்தனை ஆம்பியரையும் சுழலும் தகட்டுக்குள் செலுத்தும் பிரஷ்தான் தீராத தலைவலி. அமெரிக்கக் கடற்படை பிரஷ்ஷுக்குப் பதில் சோடியம்-பொட்டாசியத் திரவ உலோகத்தை முயன்று பார்த்தது. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருளைத் தண்ணீரில் மிதக்கும் வண்டிக்குள் வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். 1980இல் ‘ஜூபிடர் 2’ என்ற சோதனைப் படகில் ஒரு 300 கிலோவாட் மோட்டாரை ஏற்றி ஓட்டியும் காட்டினார்கள். மீக்கடத்தி மோட்டார் ஒன்று தண்ணீரில் படகைத் தள்ளிய நாள் அது.

1986இல் பெட்நோர்சும் மியூல்லரும் சூரிச் ஆய்வகத்தில் பீங்கான் இனத்தைச் சேர்ந்த ஒரு செம்பு ஆக்சைடில் மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு வருஷமே நோபல் பரிசு. 1987இல் பால் சூ, மாவ்-குவென் வூ குழுக்கள் 90 கெல்வினைத் தாண்டிய பொருளைத் தந்தன. அதற்குத் திரவ நைட்ரஜனே போதும், 77 கெல்வின். அதே 1987இல் பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு சேர்ந்து இந்தப் பொருள்களுக்கு ஒரு கோட்பாட்டை எழுதியவர் நம் கணபதி பாஸ்கரன். பிறகு சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு ஆய்வு செய்தார். அவை ஏன் மீக்கடத்துகின்றன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. ஏன் ஓடுகிறது என்று தெரியாமலே மோட்டார் கட்ட முடியும் என்பதற்கும் இது சான்று. நம் மிஸ்திரிகள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பீங்கானைக் கம்பியாக்குவது எப்படி? பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து, தட்டார் கம்பி இழுப்பதுபோல இழுத்து, பிறகு நாடாவாகத் தட்டையாக்கிச் சூளையில் சுடுகிறார்கள். 4 மில்லிமீட்டர் அகலம், கால் மில்லிமீட்டர் கனம். குறுக்குவெட்டு ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர். திரவ நைட்ரஜனில் வைத்தால் அதில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். 30 கெல்வினுக்குக் கொண்டுபோனால் பல மடங்கு. ஆனால் உள்ளே இருப்பது பீங்கான். கொஞ்சம் கூடுதலாக வளைத்தால் விரிசல் விடும், விரிசல் விட்டது வெளியே தெரியவும் தெரியாது. ஸ்லாட்டில் திணித்து மூங்கில் குச்சி அடிக்கிற காரியம் இதில் நடக்காது. நாடா காயிலைப் பணியாரம்போல் தட்டையாகச் சுற்றி, பிசினில் உறையவைத்து, அப்படியே பொருத்த வேண்டும்.

3

இப்போது குளிர். இங்கே கொஞ்சம் நிற்கிறேன். விஷயமே இதில்தான் இருக்கிறது.

மீக்கடத்தி நாடாவை மோட்டாரின் ரோட்டாரில் வைக்கிறார்கள். அங்கே நேர்மின்னோட்டம், இழப்பு இல்லை. வெளியே இருக்கும் ஸ்டேட்டாரில் மாறுமின்னோட்டம் ஓடுவதால் மீக்கடத்தியிலும் சூடு பிறக்கும். அதனால் ஸ்டேட்டார் இன்னும் செம்புதான். உள்ளே மைனஸ் 243 டிகிரி, நான்கு விரற்கடைக்கு வெளியே செம்பு கையைச் சுடும் சூடு. நடுவில் வெற்றிடம். மோட்டாரின் ரோட்டார் சுழலும் ஃபிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஸ்க்கைச் சும்மா வைத்திருப்பது எளிது. இந்த ஃபிளாஸ்க் நான் சொன்ன 29 லட்சம் நியூட்டன் மீட்டரை வெளியே அனுப்ப வேண்டும். உள்ளே குளிர்ந்த காயில் உணரும் விசை முழுவதும் ஏதோ ஒரு திடப்பொருள் வழியாகத்தான் விசிறித் தண்டுக்குப் போயாக வேண்டும். அந்தப் பொருள் இரும்பாக இருந்தால் விசை போகும். அதே வழியாக வெளியுலகத்துச் சூடும் உள்ளே வரும். மெல்லியதாக இருந்தால் சூடு வராது, முறுக்கில் ஒடிந்துபோகும். இழைக்கண்ணாடி போன்ற கலப்புப் பொருளில் ஒரு குழாய் செய்து இரண்டு முனைகளையும் இணைக்கிறார்கள். விசைக்குக் கதவு, சூட்டுக்குச் சுவர். இந்த ஒரு குழாயில் இயந்திரவியல்காரரும் குளிரியல்காரரும் போட்ட சண்டைகளை எழுதினால் தனி நூலாகும்.

அடுத்தது, சுற்றிக்கொண்டிருக்கும் தண்டின் நடுவே குளிர்ந்த ஹீலியம் வாயு உள்ளே போய்த் திரும்ப வேண்டும். வாசர் இல்லாத குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹீலியம் அணு தண்ணீரைவிடப் பொல்லாதது. எந்த இடுக்கையும் விடாது.

குளிர்விக்க ஆகும் மின்சாரம் பெரிது என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அவ்வளவு இல்லை. 30 கெல்வினிலிருந்து ஒரு வாட் சூட்டை வெளியேற்ற இயற்கை விதிப்படி 9 வாட் வேண்டும். நடைமுறையில் நூறு வாட் என்றே வைப்போம். ரோட்டாருக்குள் 300 வாட் சூடு கசிகிறது என்று கொண்டால் 30 கிலோவாட். 36.5 மெகாவாட் மோட்டாருக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதே கணக்கைக் கிளிஞ்சல்மேட்டு மீன்பிடிப் படகுக்குப் போட்டால், எஞ்சினைவிடக் குளிர்ப்பெட்டி அதிகம் தின்னும். சிறிய படகுக்காரர்கள் இதை மறந்துவிடலாம்.

நம் கடல் சூடாயிற்றே என்று மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். வங்கக் கடல் மேற்பரப்பு 30 டிகிரியைத் தொடுகிறது. 10 டிகிரி வடகடலோடு ஒப்பிட்டால் குளிர்விக்கும் வேலை நூற்றுக்கு எட்டுப் பங்குதான் கூடும். மீக்கடத்திக்கு 300 கெல்வினும் 280 கெல்வினும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுமே அதற்கு அடுப்புதான். சூடான கடலில் திணறுவது பாக்கி இயந்திரங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் டைப் 45 போர்க்கப்பல்கள் முழு மின்சார உந்துகை கொண்டவை. சூடான கடல்களில் அவற்றின் வாயுச் சுழலித் தொகுதி சக்தி குறைந்து, கப்பல் முழுக்க இருண்டுபோனது. 2016இல் அது வெளிப்படையாகப் பேசப்பட்டது. மின்சாரக் கப்பலில் கரண்ட் போனால் விளக்கு மட்டும் அணையாது, கப்பலே நின்றுவிடும். 2024 நவம்பர் 28இல் போர்ட்ஸ்மத்தில் நம் கடற்படைக் கப்பல்களுக்கு மின்சார உந்துகை உருவாக்க பிரிட்டனோடு நோக்க அறிக்கை கையெழுத்தானது. அந்த இருட்டில் அவர்கள் கற்ற பாடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

4

மாப்பிள்ளையின் தகுதிக்கு வருகிறேன். அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் நிறுவனம் 2003இல் 5 மெகாவாட், 230 சுற்று மோட்டார் ஒன்றை அமெரிக்கக் கடற்படையிடம் கொடுத்தது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதைக் கட்டிப்போட்டு, கடலலையில் விசிறி ஏறி இறங்குவதுபோல் சுமையை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். அடுத்தது நார்த்ராப் கிரம்மனோடு சேர்ந்து செய்த பெரியது. 36.5 மெகாவாட், 120 சுற்று. நான் முதலில் கணக்குப் போட்டது இதற்குத்தான். 2009 ஜனவரியில் பிலடெல்பியாவில் கடற்படைச் சோதனைக் கூடத்தில் அது முழுத் திறனில் ஓடியது. எடை 75 டன். அதே வேலைக்கான செம்பு மோட்டார் 200 டன்னைத் தாண்டும். இந்த மோட்டார்களின் வடிவமைப்பில் முன்னின்றவர் ஸ்வர்ன் கல்சி. மின்பொறிகளில் மீக்கடத்தி பற்றி அவர் 2011இல் வெளியிட்ட நூலை மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்கலாம்.

ஜெர்மனியில் சீமென்ஸ் 4 மெகாவாட்டும் ஜப்பானில் கவாசாகி 3 மெகாவாட்டும் செய்தன. ஐதராபாத்தில் நம் பெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 200 கிலோவாட் மீக்கடத்தி மோட்டார் செய்து ஓட்டிப் பார்த்தது.

மணமகள் யார்? ‘சும்வால்ட்’ வகைப் போர்க்கப்பல். முழுக்க மின்சாரம். இதற்கு முதலில் தேர்ந்தது நிலைக்காந்த மோட்டார். சோதனையில் அதன் காப்பு தேறவில்லை. உடனே கைவசம் இருந்த மேம்பட்ட தூண்டல் மோட்டாருக்குத் தாவினார்கள். நம் வயல் பம்பில் இருக்கும் இண்டக்ஷன் மோட்டாரின் பெரிய அண்ணன். கனம் அதிகம், ஆனால் உலகமெங்கும் பழகிய சரக்கு. மீக்கடத்தி மோட்டார் சோதனை மேடைக்கு ஏறும்போது கப்பலின் வரைபடத்தில் தூண்டல் மோட்டார் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. முப்பத்திரண்டு கப்பல் கட்டுவதாக இருந்தது, செலவு ஏறி மூன்றாகச் சுருங்கியது. நான்காவது ஒன்று இருந்தால் அல்லவா புது மோட்டாருக்கு இடம்?

முகூர்த்தம் தப்பியது ஒரு காரணம். அதையே முழுக் காரணமாக எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே? எத்தனை கப்பல்கள் கட்டப்பட்டன? ஒன்றிலும் ஏன் வைக்கவில்லை?

5

மிஸ்திரியின் கேள்விக்கு வருகிறேன். தடையில்லாத காயில் எப்படி எரியும்?

நாடாவில் ஒரு இடத்தில், ஒரு விரல் அகலத்தில், விரிசலாலோ குளிர் குறைந்தோ மீக்கடத்தல் அறுந்தால், அந்த விரலகலம் சாதாரணப் பொருளாகிவிடும். அது வழியாகப் பாய வேண்டியது நூற்றுக்கணக்கான ஆம்பியர். செம்பாக இருந்தால் காயில் முழுவதும் மெதுவாகச் சூடேறும், வார்னிஷ் நாற்றம் வரும், பார்த்து நிறுத்தலாம். இங்கே பாக்கி இடமெல்லாம் மைனஸ் 243இல் இருக்க, ஒரு விரலகலம் மட்டும் உருகும். வெற்றிடத்துக்குள் இருப்பதால் நாற்றமும் வராது. எரியாத காயில் இல்லை என்றாரே, அது இதுதான்.

அதைச் சரிசெய்ய ரோட்டாரைச் சூடேற்ற வேண்டும், வெற்றிடத்தை உடைக்க வேண்டும், காயிலை மாற்ற வேண்டும், மறுபடி வெற்றிடம், மறுபடி குளிர். குளிர்விப்பதற்கே நாள் கணக்கில் ஆகும். எஞ்சின் அறையில் இருக்கும் மோட்டார் மெக்கானிக்குக் குளிரியல் தெரியாது. குளிரியல் தெரிந்தவர் ஆய்வகத்தில் இருக்கிறார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பொறுப்புள்ள எந்தக் கப்பல் தலைவரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். நானாக இருந்தாலும் போட மாட்டேன்.

மீக்கடத்தி கப்பலுக்குள் போகவே இல்லையா என்றால், போயிருக்கிறது. பின்வாசல் வழியாக. இரும்புக் கப்பல் மிதக்கும் காந்தம். கண்ணிவெடிகள் அதை மோப்பம் பிடிக்கும். அந்தக் காந்தத்தை அழிக்கக் கப்பலைச் சுற்றி மின்கம்பிச் சுற்றுகள் போடுவார்கள். செம்பில் போட்டால் டன் கணக்கில் கம்பி. அமெரிக்கர்கள் அதற்கு மீக்கடத்திக் கேபிளை 2008இல் ‘ஹிகின்ஸ்’ கப்பலில் சோதித்தார்கள். 2022இல் படையில் சேர்ந்த ‘ஃபோர்ட் லாடர்டேல்’ அதை நிரந்தரமாகவே கொண்டிருக்கிறது. அது ஏன் அனுமதிக்கப்பட்டது? அது பழுதானாலும் கப்பல் ஓடும். மெக்கானிக் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். கப்பல் புதுமையை அப்படித்தான் சேர்த்துக்கொள்ளும்: முதலில் திண்ணை, பிறகு கூடம், கடைசியில்தான் அடுப்படி. மோட்டார்காரர்கள் நேரே அடுப்படிக்குள் போகப் பார்த்தார்கள்.

இனி நம் பக்கம். மூன்று இடங்களை எண்ணிப் பாருங்கள். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்கே மீக்கடத்திக் கருவிகளைச் செய்து மூளையின் நுண்காந்தத்தையே அளக்கிறார்கள். தெற்கே மகேந்திரகிரி, அங்கே ராக்கெட்டுக்காக மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைத் தினப்படி வேலையாகக் கையாளுகிறார்கள். மூன்றாவது இடம் பக்கத்து வீடு, குத்தாலம். காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஹீலியத்தைப் பிரித்தெடுக்க அணுசக்தித் துறையின் கொல்கத்தா மையம் ஓ.என்.ஜி.சி. வளாகத்தில் சோதனை ஆலை வைத்துச் செய்து காட்டியது. நம் வயலுக்கு அடியில் இருந்து வரும் வாயுவில்தான் அந்த 75 டன் மோட்டாரைக் குளிர்வித்த பொருள் இருக்கிறது. 1868 ஆகஸ்ட் கிரகணத்தில் குண்டூரிலிருந்து ழான்சன் சூரியனைப் பார்த்ததில் தொடங்குகிறது ஹீலியத்தின் கதை. நமக்கு அது அந்நியச் சரக்கல்ல.

ஆக, குளிர்க் கைகள் நம்மிடம் உண்டு. காயில் கைகள் சாலையோரமெங்கும் உண்டு. இரண்டும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் கோரிக்கை இரண்டு. ஒன்று, பெரிய உந்துகை மோட்டாரைப் பற்றி இப்போது எழுதாதீர்கள். ஆய்வுக் கப்பலின் முன்பக்கத்தில் கப்பலைத் துறைமுகத்தில் ஒதுக்குவதற்கென்று ஒரு பக்கவாட்டு விசிறி இருக்கும். அது நின்றால் இழுவைப் படகைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், யாரும் சாகமாட்டார்கள். மீக்கடத்தியை முதலில் அதில் வைக்கத் திட்டம் போடுங்கள்.

இரண்டாவது சின்ன விஷயம். பூவத்திலிருந்து காரைக்கால் பேருந்து நிலையம் வரை சாலையோரம் காயில் கட்டும் கடைகள் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் அந்தத் தம்பிகளை உங்கள் ஆய்வகத்துக்குக் கூப்பிடுங்கள். திரவ நைட்ரஜன் தொட்டியையும் வெள்ளி நாடாவையும் அவர்கள் கையில் கொடுத்துக் காயில் கட்டச் சொல்லுங்கள். எங்கே ஒடிகிறது, எப்படிப் பிடித்தால் ஒடியாது என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கடையை மூடினால் அவர்களுக்கு ஒரு மோட்டார் வேலை போகும். அந்தக் கூலியைக் கணக்குப் பண்ணிக் கையில் கொடுத்தனுப்புங்கள். இந்த உரைக்காக அறக்கட்டளை எனக்குத் தரும் தொகையை அதற்கு முதல் மாதக் கூலியாக எடுத்துக்கொள்ளுங்கள்.